16 அங்குலக் களிசான்: மட்டக்களப்பில் ஒரு தையற்கடை

மகளின் கலியாண எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, நாள் குறித்தவுடன் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி மண்டபத்தைப் பற்றியதோ சாப்பாட்டைப் பற்றியதோ அன்று. நான் எதை உடுத்திக்கொண்டு கையொப்பமிடப் போகிறேன் என்பதுதான். அலுமாரியின் கடைசி ஓரத்தில் 1996ஆம் ஆண்டு தைப்பித்த கோட்டும் களிசானும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை அணிந்து கண்ணாடியின் முன் நின்றபோது, கோட்டின் தோள்கள் என் தோள்களைக் கடந்து வெளியே போய் நின்றன. களிசானோ தொடையில் சாக்குப்போல் விரிந்து, இடுப்பில் மட்டும் பூட்ட மறுத்தது. மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது.

புதிதாக ஒன்றைப் பெற எங்கள் பக்கத்தில் மூன்று வழிகள் உண்டு. காத்தான்குடியிலோ கல்முனையிலோ உள்ள பெரிய புடைவைக் கடைகளில் ஆயத்தமாகத் தொங்கும் கோட்டை வாங்கலாம். மணமக்களை அலங்கரிப்போரிடம் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம். அல்லது துணி எடுத்துத் தைப்பிக்கலாம். முதல் வழியை முயன்று பார்த்தேன். ஆயத்தக் கோட்டுகள் மார்பளவை மட்டும் நம்மிடம் கேட்டுவிட்டு, மற்ற அளவுகளையெல்லாம் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவனின் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. என் வயதுக்காரர்களுக்கு வயிறுதான் பிரதான அளவு என்பது அவற்றை வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. வாடகைக் கோட்டில் முன்பு அணிந்தவரின் அத்தர் வாசனை இருந்தது. ஆகவே நண்பர் ஒருவரின் சொற்படி, நகரத்துக்குள் ஓர் ஒழுங்கையில் இருக்கும் சிறிய தையற்கடைக்குப் போனேன். அந்தக் கடையைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். பெயரைத் தவிர்த்திருக்கிறேன், பின்னால் ஒரு குறையையும் சொல்லவேண்டியிருப்பது ஒரு காரணம், பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எவராலும் வாசிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது மற்றொரு காரணம்.

பத்தடி அகலம்கூட இல்லாத அறை அது. வாசலை ஒட்டி வெட்டும் மேசை. அதற்குப் பின்னால் இரண்டு மெசின்கள். ஒன்று மோட்டாரில் ஓடும் புதிய மெசின். மற்றது காலால் மிதிக்கும் பழைய சிங்கர். சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்தது 1877இல். இந்த மெசின் அத்தனை பழையதன்று என்றாலும், அதன் கறுப்பு உடலிலிருந்த தங்க நிறப் பூவேலை, தைப்பவரின் கை படும் இடத்தில் மட்டும் முற்றாகத் தேய்ந்து போயிருந்தது. சுவரில் தேதி கிழிக்கும் கலண்டர், மூலையில் அயன் மேசை, மேலே முடிந்த உடுப்புகள் பொலித்தீன் உறைக்குள் தொங்கும் கம்பி. காத்திருப்பவருக்கு ஒரேயொரு கதிரை. இரண்டாவதாக வருபவர் வாசற்படியில் நிற்கவேண்டியதுதான். அலங்காரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏற்ற இடம் அன்று.

கடையை நடத்துகிறவர்கள் காத்தான்குடியைச் சேர்ந்த தகப்பனும் மகனும். தகப்பனுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றே அழைக்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் இப்போது தைப்பதில்லை. அளவெடுப்பதும் வெட்டுவதும் மட்டும் அவருடைய வேலை. மகன் தைக்கிறார், வாடிக்கையாளர் கொண்டுவரும் கைப்பேசிப் படங்களைப் பார்க்கிறார், விலை பேசுகிறார், அளவுப் புத்தகத்தை எழுதுகிறார். வேலையை இப்படிப் பிரித்திருப்பது அனேகமாக நன்மையாகவும், என் விடயத்தில் ஒருமுறை தீமையாகவும் முடிந்தது.

அளவெடுக்கும் காட்சியை மட்டும் பார்ப்பதற்காகவே ஒருவர் அங்கே போகலாம். காக்கா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து வந்து, முதலில் அளவெடுக்காமல் என்னைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். "ஒருக்கா கிறுகுங்க சேர்" என்றார், கிறுகினேன். முதுகுப் பக்கம் நின்று மகனிடம், "இடது தோள் அரை இஞ்சி சரிவு, எழுது" என்றார். முப்பது ஆண்டுகளாகப் புத்தகப் பையைத் தூக்கிய தோள் அது. என் வீட்டில் எவரும் கவனித்ததில்லை. வயிற்றுக்கு நாடாவைச் சுற்றியபோது நான் என்னையறியாமலே மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன். அவர் நாடாவைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். "இப்ப வயித்த இழுத்தா மறுகா தெறி பூட்டேலாது சேர்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கிறுகு என்றால் திரும்பு. மறுகா என்றால் பிறகு. தெறி என்றால் பொத்தான். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிறந்தவர்களுக்கு இந்த விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் எனக்கு முன் அளவு கொடுத்த இளைஞருக்கு வேண்டியிருந்தது. கொழும்பில் வளர்ந்து உறவினர் கலியாணத்துக்காக வந்திருந்த அவர், "கிறுகுங்க" என்று காக்கா சொன்னதும், தலை கிறுகிறுக்கிறதா என்று நலம் விசாரிக்கிறார் என எண்ணிக்கொண்டு, "இல்லை, இல்லை, சுகமாக இருக்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். காக்கா பொறுமையாக அவருடைய தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ் வழக்குகளுள் எழுத்துத் தமிழுக்கு மிகவும் நெருக்கமாக நிற்பது மட்டக்களப்பு வழக்கே என்று எழுதியதை, எங்கள் ஊரில் மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் பெருமையுடன் எடுத்துச் சொல்வார்கள். நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெருமை தையற்கடைக்குள் வந்ததும் சற்று அடங்கிவிடுகிறது. ஏனென்றால் அங்கே பேசப்படும் பொருட்பெயர்களில் பாதிக்கு மேல் வேறு நாட்டிலிருந்து வந்தவை.

களிசான் (காற்சட்டை), சப்பாத்து (காலணி), லேஞ்சி (கைக்குட்டை), மேஸ் (காலுறை) என்று இடுப்பிலிருந்து பாதம்வரை நாம் பயன்படுத்தும் சொற்கள் போர்த்துக்கேயம். அந்த உடுப்பை வைக்கும் அலுமாரியும், கடையில் நான் அமர்ந்திருந்த கதிரையும்கூட அந்த மொழியே தந்தவை. போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். பத்து ஆண்டுகளே அவர்கள் கையிலிருந்த அந்தக் கோட்டையின் வழியாகத்தான் இச்சொற்கள் எல்லாம் வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள், சிங்களத்திலும் இதே சொற்கள் சற்றே வேறு உருவத்தில் உள்ளன. எனினும் மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும், ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. மரவேலை, இரும்பு வேலை, தையல் போன்ற தொழில்களில் அவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஆகவே இந்தச் சொற்கள் எங்களுக்கு வெறும் அகராதி விடயம் அல்ல. பக்கத்து வீட்டுச் சங்கதி.

இப்போது அவை ஒவ்வொன்றாக வெளியேறிக்கொண்டிருக்கின்றன. என் மாணவர்களிடம் களிசான் என்றால் சிரிக்கிறார்கள். அது அவர்களுக்குப் பாட்டன்மார் உடுத்தியது. அவர்கள் உடுத்துவது ரவுசர், டெனிம், அல்லது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி தந்த பேன்ட். நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் கட்டைக் களிசானிலிருந்து நீட்டுக் களிசானுக்கு மாறுவது ஓர் ஆண்பிள்ளையின் வாழ்வில் சடங்குக்கு நிகரானது. இன்றும் நீலக் கட்டைக் களிசான் வெள்ளை நீட்டுக் களிசானாக மாறத்தான் செய்கிறது, ஆனால் அந்த மாற்றத்தைச் சொல்லும் சொற்களில் பழைய எடுப்பு இல்லை. லேஞ்சியின் கதை இன்னும் சுவையானது. கோட்டின் மேற்பொக்கற்றில் வைப்பதற்கு ஒரு சதுரத் துணியையும் சேர்த்துத் தைத்துத் தருவதாக மகன் சொன்னார். அதை அவர் பொக்கற் ஸ்குவயர் என்றார். தகப்பன் அதே துண்டுத் துணியைக் கையில் எடுத்து, "லேஞ்சிதான் சேர், மூக்குத் துடைக்கேலாத லேஞ்சி" என்றார். நவநாகரிகம் பற்றி எழுதுவோரில் ஒருவர்கூட இந்தப் பொருளுக்கு இவ்வளவு துல்லியமான வரைவிலக்கணம் தந்து நான் வாசித்ததில்லை.

துணி விடயத்தில் கடையின் ஆலோசனை நேர்மையாக இருந்தது. கடையில் அவர்கள் வைத்திருப்பது சில மாதிரித் துண்டுகளே. துணியை வெளியே வாங்கி வரச் சொல்கிறார்கள், எதை வாங்கவேண்டும் என்பதையும் எழுதித் தருகிறார்கள். எனக்கு எழுதித் தந்தது, 58 அங்குல அகலத் துணியில் 3¼ மீற்றர், கம்பளி கலந்தது, மெல்லியது. நான் மினுமினுப்பான பொலியெஸ்டர் துணி ஒன்றில் கண் வைத்திருந்தேன், மலிவும்கூட. காக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் இதைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் நிற்பீர்களா என்று கேட்டார். பொலியெஸ்டர் இழை இங்கிலாந்தில் 1941இல் உருவாக்கப்பட்டபோது அதன் பெருமை கசங்காதது என்பது. கசங்காததற்குக் காரணம் அது நீரை உறிஞ்சாதது. நீரை உறிஞ்சாத துணிக்குள் மட்டக்களப்பின் வியர்வை எங்கே போகும் என்பதை அவர் வாய்ச்சொல்லால் அல்ல, என் பழைய கோட்டின் அக்குள் பகுதியை உள்புறமாகத் திருப்பிக் காட்டி விளக்கினார். அது 1996இன் பொலியெஸ்டர். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

மாமாவுடைய ஒரு பழைய புகைப்படம் எங்கள் வீட்டில் உண்டு. எழுபதுகளின் கடைசியில், கல்லடிப் பாலத்தின் கம்பியில் சாய்ந்து நின்று எடுத்தது. பெல் பொட்டம் களிசானின் அடி சப்பாத்தை முழுவதும் மூடியிருக்கிறது. சேட்டின் கொலர் இரண்டும் தோளைத் தொடுகின்றன. அந்தப் படத்தைக் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். காக்கா அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்து, "கால் இருபத்திநாலு இஞ்சி" என்று அடிச் சுற்றளவைச் சொன்னார், படத்தை அளந்தவர்போல. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுத் துணி கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, அப்படிப்பட்ட களிசான்களைத் தான் இரவு பகலாகத் தைத்ததாகச் சொன்னார். அதற்கு முந்திய ஆண்டுகளில் துணிக்கு வரிசையில் நின்ற நாடு இது. காலடியில் வீணாக விரியும் அந்த அகலத்தில், ஒருவேளை, தட்டுப்பாடு தீர்ந்த மகிழ்ச்சியும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். போர்க்காலப் பிரித்தானியாவில் இதற்கு மறுதலையாக நடந்தது: துணியை மிச்சம்பிடிக்க 1942இல் அரசாங்கம் ஆண்களின் களிசானில் காலடி மடிப்பையே தடைசெய்தது, அவர்களோ நீளம் கூடிய களிசானாகப் பார்த்து வாங்கி வீட்டில் தாங்களே மடித்துத் தைத்துக்கொண்டார்கள்.

என் இளமையின் களிசானில் இடுப்புப் பட்டியின் கீழே பக்கத்துக்கு இரண்டு மடிப்புகள் இருந்தன. தொடையில் காற்று உலாவும். இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஆர்மானி எண்பதுகளில் உலகத்துக்குப் பழக்கிய தொளதொளப்பான, தோள் அகன்ற வெட்டு, நாலைந்து ஆண்டுகள் பிந்தி, பல கைகள் மாறி, எங்கள் ஊர்த் தையற்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது பெற்ற உருவம் அது. பிறகு 2000ஆம் ஆண்டில் பாரிசில் டியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவைப் பொறுப்பேற்ற ஹெடி ஸ்லிமான் உடம்போடு ஒட்டிய ஒடுங்கிய கோட்டை முன்னுக்குக் கொண்டுவந்தார். பத்து ஆண்டுகளில் அது கல்முனைக் கடைவீதியின் பொம்மைகள்மீதும் ஏறிவிட்டது. எங்கள் மணமகன்மார் கதிரையில் இருக்கும்போது கோட்டின் தெறியைக் கழற்றிவிட்டுத்தான் இருக்கவேண்டும் என்ற நிலை வந்தது அப்போதுதான். இப்பொழுது மறுபடியும் அகலக் கால், மறுபடியும் மடிப்பு. மகன் காட்டிய கொரிய இளைஞர்களின் படங்களில் இருந்தது, மாமாவின் படத்துக்கும் என் இளமைக்கும் நடுவே எங்கேயோ நிற்கும் ஒரு களிசான். "வாப்பா வெட்டின பழைய கடுதாசி மாதிரியெல்லாம் இப்ப திரும்ப எடுக்கிறம் சேர்" என்று அவரே சொன்னார். அந்த மாதிரிக் கடுதாசிகள் மேசைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில், வாடிக்கையாளர் பெயரும் ஆண்டும் எழுதிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

குறை இனி. காக்கா எனக்கு எந்த வெட்டு வேண்டும் என்று கேட்டபோது, நான் நேர்க்கால் என்றேன். தொடையிலிருந்து அடிவரை ஒடுங்காமல் ஒரே நேராக விழும் களிசானை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருக்கும் அது விளங்கியது. மகன் புத்தகத்தில் ஸ்ட்ரெய்ட் என்று எழுதிக்கொண்டார். அதுவும் சரியான மொழிபெயர்ப்பே என்று நான் நினைத்தேன். ஆனால் இன்றைய ஆயத்த உடுப்புகளின் சிட்டைகளில் ஸ்ட்ரெய்ட் என்று எழுதியிருப்பது, தோலோடு ஒட்டுகிற ஸ்கின்னிக்கும் ஸ்லிம்முக்கும் அடுத்தபடியாக வரும் ஒன்று. அவற்றோடு ஒப்பிட்டால்தான் அது நேர். அன்று வழமைக்கு மாறாகக் களிசானை வெட்டியவரும் மகன்தான். தகப்பன் மருத்துவமனைக்குப் போயிருந்தாராம். போட்டுப் பார்க்கப் போனபோது களிசானின் கால் 14 அங்குலம். நின்றால் பரவாயில்லை, கதிரையில் அமர்ந்ததும் துணி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றது, எழுந்த பிறகும் இறங்கவில்லை. மேஸ் முழுவதும் வெளியே தெரிந்தது. ஐம்பத்தாறு வயது ஆசிரியன் ஒருவன், தன் மகளின் எழுத்துக்கு, வாய்க்காலைக் கடக்கப் போகிறவனைப்போல் நின்றுகொண்டிருந்தான்.

மகன் முதலில் இது இப்போதைய வெட்டு, போடப் போடப் பழகிவிடும் என்றார். அதை நான் ரசிக்கவில்லை. தைக்கக் கொடுத்தவன் தன் உடம்பைக் களிசானுக்குப் பழக்கவேண்டுமென்றால் ஆயத்தக் கடைக்கே போயிருக்கலாம். அந்நேரம் காக்கா உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் களிசானை வாங்கி உள்புறம் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விளிம்பிலும் ஓர் அங்குலத் துணி உள்ளே விடப்பட்டிருந்தது. மகனைப் பார்த்து, "இதையாவது மறக்கயில்ல" என்றார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. ஆயத்த உடுப்பில் இப்படி உள்ளே விடும் துணி கால் அங்குலம்கூட மிஞ்சாது. அங்கே ஒரு பிழை நடந்தால் பிழை பிழைதான். இங்கே தையலைப் பிரித்து நான்கு விளிம்பிலும் அரை அங்குலம் வெளியே விட்டதும் கால் 16 அங்குலம் ஆனது. பழைய தையல் ஓடிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. ஈரத் துணியை மேலே விரித்து மூன்று முறை அயன் பிடித்தார்கள். இப்போதும் காலை வெயிலில் பக்கவாட்டில் நின்று உற்றுப் பார்ப்பவருக்கு அந்தக் கோடு தெரியும். எழுத்துக்கு வந்தவர்களில் எவரும் என் களிசானை அப்படி உற்றுப் பார்க்கவில்லை என்றாலும், எனக்கு அது அங்கே இருக்கிறது என்பது தெரியும். இந்தத் திருத்தத்தால் சொன்ன நாளுக்கு நான்கு நாட்கள் பிந்தியது. எழுத்துக்கு ஒரு நாள் முன்னர்தான் உடுப்பு கைக்கு வந்தது. அந்த நான்கு நாட்களும் வீட்டில் நான் கேட்ட பேச்சுக்குக் கூலியில் ஏதும் குறைத்துத் தரவில்லை.

ஆனால் கோட்டைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கழுத்துக்குப் பின்னால் கொலர் சேட்டின்மீது படிந்து கிடக்கிறது, இடைவெளி விழவில்லை. இடது தோளுக்குள் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்று கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் என் இரண்டு தோள்களும் முப்பது ஆண்டுகளின் பின் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. கைக்கு வெளியே சேட்டின் கை அரை அங்குலம் தெரிகிறது. நெஞ்சுப் பகுதிக்கு உள்ளே ஒட்டுத் துணியை மட்டும் வைத்து அயனால் ஒட்டிவிடாமல், கன்வஸ் என்ற விறைப்பான துணியை வைத்துக் கையால் தைத்திருக்கிறார்கள். இது முக்கியமானது. மலிவுக் கோட்டுகளில் உள்ளே பசையால் ஒட்டப்படும் துணி, நாலைந்து முறை சலவைக்குப் போனதும், எங்கள் மாரிகால ஈரத்தில் அலுமாரிக்குள் தொங்கியதும், பசை விட்டு நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். அதை எந்த அயனாலும் அமர்த்த முடியாது. என் பழைய கோட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. கன்வஸ் வைத்துத் தைக்கக் கூலி கூட. கேட்காவிட்டால் அவர்களும் ஒட்டித்தான் தருவார்கள். ஆகவே கேளுங்கள்.

இரண்டு தெறி வைத்த கோட்டில் கீழ்த் தெறியைப் பூட்டுவதில்லை என்பதை மகன் எனக்குச் சொல்லித் தந்தார். இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வேர்ட் வயிறு பருத்ததால் கீழ்த் தெறியைத் திறந்து விட, அரசவையினரும் மரியாதைக்காக அப்படியே விடத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, என் வயிற்றுக்கு அது பெரிய ஆறுதல்.

விலையைச் சொல்லவேண்டும். கன்வஸ் வைத்த கோட்டுக்குத் தையற்கூலி 18,000 ரூபாய், களிசானுக்கு 2,500, லேஞ்சிக்கு ஒன்றும் வாங்கவில்லை, மிஞ்சிய உள்துணியில் தைத்தது. கோட்டின் உள்துணியும் தெறிகளும் கூலிக்குள் அடக்கம், துணி நம்முடையது. சாதாரணக் களிசான் ஒன்றை ஒரு கிழமையில் தருகிறார்கள். கோட்டுக்கு மூன்று கிழமை கேட்கிறார்கள், நீங்கள் நான்காகக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி ஆகியவற்றுக்கு முந்திய மாதத்தில் போகவே வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடை பூட்டியிருக்கும். அட்டை வாங்குவதில்லை, காசுதான்.

கோட் மட்டும் தைக்கிற கடை என்று எண்ணிவிடக் கூடாது. வேட்டிக்கு மேலே அணியும் நஷனல் என்ற மேற்சட்டை அங்கே இன்னும் தைக்கப்படுகிறது. நான் படித்த காலத்தில் எங்கள் அதிபர்களின் சீருடை என்று சொல்லத்தக்கதாக இருந்த அந்த உடுப்பை இன்று அரசியல்வாதிகளும் கோயில் நிருவாகிகளான வண்ணக்கர்மாரும் மட்டுமே கேட்டு வருவதாக மகன் சொன்னார். மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரத்தைக் கொண்டுவந்து மூட்டித் தைத்துப்போகிறவர்களும் வருகிறார்கள். அது ஐந்து நிமிட வேலை, நின்று வாங்கிக்கொண்டு போகலாம். ஒடுங்கிய சேட், கொலர் இல்லாத சேட் முதலியவை மகனின் கைத்திறம்; அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் வாசற்படியில் காத்து நின்ற இளைஞர்களின் முகத்தில் குறை தெரியவில்லை.

கடந்த கிழமை பள்ளிக்கு அணிய இரண்டு களிசான்களுக்குத் துணி கொண்டுபோனேன். காக்கா உள்ளே அஸர் தொழுதுகொண்டிருந்தார். மகன் என் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து, பேனையைத் திறந்துவிட்டு, "ஸ்ட்ரெய்ட்தானே சேர்?" என்றார்.

"16" என்றேன்.

எழுதினார், எழுதிய இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.